கொச்சியிலிருந்து குமரிமுனை வரை யாட் பயணம்: திட்டமிடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொச்சி அழிமுகத்துக்கும் (காயல் கடலில் சேரும் வாய்) கன்னியாகுமரிக்கும் இடையே கடல்வழியில் ஏறக்குறைய 146 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 270 கிலோமீட்டர். இவ்வளவு நீளக் கரையில், ஏராவின் (படகின் அடிமரம்) அடி 2 மீட்டர் ஆழம் கேட்கிற ஒரு யாட் இரவில் நிம்மதியாக ஒதுங்க மூன்றே இடங்கள்தான்: கொச்சி, கொல்லம், விழிஞ்ஞம். கடல் மனம் வைத்தால் குளச்சல் நான்காவது.

கண்ணுக்கு விருந்தான இடங்கள் வேறு. வர்க்கலையின் செம்பாறைச் சுவர், கோவளத்து மூக்குப் பாறைகள், முட்டத்தின் கருங்கல் முனை, குமரியின் பாறைத் தீவுகள். இவற்றில் ஒன்றில்கூட யாட்டை இரவு நிறுத்த முடியாது. பார்க்கும் இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கோடு போட்டு இணைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இந்தக் கரையில் ஒதுங்கும் இடத்தை முதலில் குறித்துவிட்டு, வேடிக்கையை இடையில் செருக வேண்டும்.

கீழே உள்ள கணக்குகள் 38 முதல் 42 அடி நீளமுள்ள, 40 குதிரைத்திறன் அளவு டீசல் எஞ்சின் உள்ள, ஆறு பேர் செல்லும் பாய்மர யாட்டுக்கானவை. சராசரி வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல்.

முதல் படி: மாதத்தைத் தேர்வு செய்வது

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. அதிலும் ஜனவரி, பிப்ரவரி மிக நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கடலில் யாட்டுக்கு வேலையே இல்லை. தென்மேற்குப் பருவமழையில் கச்சான் காற்று நேராகக் கரையை நோக்கி அடிக்கும், ஒதுங்கும் வாய்கள் எல்லாம் நுரைத்துக் கிடக்கும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை; தமிழ்நாட்டு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. “கடல் காலியாக இருக்குமே” என்று அந்த நாட்களைக் குறிவைக்காதீர்கள்.

அக்டோபர், நவம்பர் ஏமாற்றும் மாதங்கள். காலையில் கண்ணாடி போலக் கிடக்கும். ஆனால் குமரிக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் ஒரே இரவில் புயலாகலாம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அப்படித்தான் வந்தது. தூத்தூர் முதல் பூந்துறை வரை கடற்கரை ஊர்கள் இழந்த ஆட்கள், கடலை நம்மைவிடப் பல மடங்கு அறிந்தவர்கள். அவர்களுக்கே எச்சரிக்கை வந்து சேரவில்லை என்பதை மறக்காமல் இருந்தால், டிசம்பர் நடுவுக்கு முன் புறப்படும் ஆசை வராது.

ஏப்ரல், மே மாதங்களில் காற்று குறைவு. ஆனால் கள்ளக்கடல் உண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எழும் பேரலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் வந்து கரையேறுவதற்கு நம் கடற்கரை மக்கள் வைத்த பெயர் அது. இன்று உலக அளவில் அறிவியல் சொல்லாகவே ஏற்கப்பட்டிருக்கிறது.

அலைவிவரத்தைப் படிக்கும் முறை

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. எல்லோரும் அலையின் உயரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இந்தக் கரையில் உயரத்தைவிட முக்கியமானது அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள விநாடிகள்.

காரணம் இதுதான். ஆழ்கடலில் அலையின் நீளம், விநாடியின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 8 விநாடி அலைக்கு 100 மீட்டர். 16 விநாடி அலைக்கு 400 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் தரையை உணர ஆரம்பிக்கும். 100 மீட்டர் அலை 50 மீட்டர் ஆழத்தில் உணரும், 400 மீட்டர் அலை 200 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்துவிடும். தரை தட்டத் தட்ட வேகம் குறைந்து உயரம் கூடும். அதனால் நடுக்கடலில் 1 மீட்டர் உயரத்தில், படகில் இருப்பவருக்குத் தெரியாமலே கடந்து போகும் 16 விநாடி அலை, ஆழம் குறைந்த துறைமுக வாயில் ஆளுயரத்துக்கு எழுந்து உடையும்.

ஆகவே புறப்பட வேண்டாம் என்று முடிவெடுக்க மூன்று எல்லைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அலை உயரம் 1.5 மீட்டருக்கு மேல். உயரம் 1 மீட்டரே ஆனாலும் இடைவெளி 14 விநாடிக்கு மேல். காற்று 18 நாட் வேகத்துக்கு மேல். மூன்றில் ஒன்று மீறினாலும் அன்று துறைமுகத்திலேயே இருங்கள். 72 மணி நேரத்துக்கு முன், 24 மணி நேரத்துக்கு முன், புறப்படும் காலை என மூன்று முறை பாருங்கள். எல்லையை முன்பே எழுதிவைக்கச் சொல்வது ஏனென்றால், விடுப்பு முடியப் போகிறது என்ற பதற்றத்தில் அன்று காலை எடுக்கும் முடிவு நம்பத்தக்கதாக இருப்பதில்லை.

நல்ல மாதங்களில் ஒரு நாளின் காற்று ஏறக்குறையக் கடிகாரம் போல நடக்கும். பின்னிரவில் கிழக்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று. காலை ஒன்பது, பத்து மணிக்கு அது சாகும். நண்பகலுக்குப் பின் வடமேற்கிலிருந்து 10 முதல் 15 நாட் கடற்காற்று, மாலையில் அடங்கும். தெற்கே போகும்போது மதியக் காற்று முதுகில். திரும்பி வரும்போது முகத்தில். நவம்பர் முதல் ஜனவரி வரை கரையோர நீவாடு (நீரோட்டம்) வடக்கு நோக்கி ஓடும், அதனால் போகும்போது அரை நாட் முதல் ஒரு நாட் வரை வேகம் குறைந்து தெரிந்தால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம்.

இரண்டாம் படி: படகும் காகிதமும்

கொச்சியில் “யாட்” என்ற பெயரில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல, மரைன் டிரைவ் பக்கம் இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டும் படகுகள். 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டப்படி உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும் சான்று பெற்ற படகு, அழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகக் கூடாது. போனால் காப்பீடும் செல்லாது. முன்பணம் கொடுக்கும் முன் நான்கு தாள்களைக் கேளுங்கள்: பதிவுச் சான்று, கடலில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்று எழுதியிருக்கும் தகுதிச் சான்று, அதே தூரத்தைச் சொல்லும் காப்பீடு, கேப்டனின் தகுதிச் சான்று. காப்பீட்டில் உள்ள எல்லையும் தகுதிச் சான்றில் உள்ள எல்லையும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் படகு வேண்டாம்.

இந்தக் கரைக்குக் கேப்டன் இல்லாமல் படகை மட்டும் எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பாய் கட்டத் தெரிந்திருப்பது ஒன்று, முட்டத்துக்கு வெளியே எந்தப் பார் (நீருக்கடிப் பாறை) எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு.

அனுமதிகளைப் பொறுத்தவரை, கொச்சி பெருந்துறைமுகம், அதற்குத் தனி நிர்வாகம். கொல்லமும் விழிஞ்ஞத்தின் பழைய துறையும் கேரள மாரிடைம் போர்டின் கீழ். குளச்சல் தமிழ்நாடு மாரிடைம் போர்டு. மீன்பிடித் துறைமுகத்துக்குள் போவதென்றால் மீன்வளத் துறையிடமும் கேட்க வேண்டும். ஆட்கள் பட்டியல், ஆதார் நகல், படகின் படம், நாள்வாரித் திட்டம் ஆகியவற்றை ஆறு செட் எடுத்து, புறப்படும் முன்பே எல்லா இடங்களுக்கும் கடலோரக் காவல் நிலையங்களுக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே மாநில எல்லை; கடலில் கோடு கிடையாது, ஆனால் இரு பக்கமும் வெவ்வேறு காவல்துறை. சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் நாட்களில் அறிமுகமில்லாத படகு எதுவானாலும் மறித்துச் சோதிப்பார்கள். தகவல் முன்பே போயிருந்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

வெளிநாட்டுக் கொடி கட்டிய யாட் என்றால் சுங்கம், குடியேற்றம், ஒவ்வொரு துறைமுகத்திலும் வருகை, புறப்பாட்டு அனுமதி என்று தனி நடைமுறை. முகவர் ஒருவரை அமர்த்தாமல் அதில் இறங்க வேண்டாம். லட்சத்தீவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 150 கடல் மைலுக்கு மேல் திறந்த கடல், தனி நுழைவு அனுமதி. அது வேறொரு பயணம்.

மூன்றாம் படி: டீசல், தண்ணீர், உதிரிகள்

காற்று வரும் என்று நம்பி டீசல் கணக்குப் போடாதீர்கள். போக வர 300 கடல் மைல், எஞ்சினில் 5.5 நாட் வேகம் என்றால் 55 மணி நேரம். மணிக்கு 3.5 லிட்டர் வீதம் 190 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்தால் 255. தொட்டி 200 லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் மூன்று. வழியில் நிரப்பும் ஒவ்வொரு லிட்டரையும் தண்ணீர் பிரிக்கும் வலைப்புனல் வழியாக ஊற்றுங்கள். மீன்பிடித் துறை டிரம்களில் அடியில் தண்ணீர் நிற்பது சகஜம். அது தொட்டிக்குள் போய் அமைதியாகப் படிந்திருக்கும். அலை ஆட்டியதும் கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் நிற்பது எப்போதும் மோசமான கடலில்தான் என்பதற்குக் காரணம் இதுவே.

குடிநீர் ஒருவருக்கு நாளுக்கு 4 லிட்டர். கொல்லத்திலும் விழிஞ்ஞத்திலும் கேன் தண்ணீர் கிடைக்கும் என்றாலும், ஆறு பேருக்கு ஐந்து நாள், அதாவது 120 லிட்டர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

உதிரிகள்: எஞ்சின் தண்ணீர் பம்புக்கு இம்பெல்லர் 2, பெல்ட் 2, டீசல் ஃபில்டர் 4, ஆயில் 5 லிட்டர், படகின் அடித்துளை ஒவ்வொன்றுக்கும் அளவான மரக்கட்டை. பாதுகாப்புக்கு ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்க்கவசம், 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன், காலாவதியாகாத ஒளிக்குண்டுகள், 25 வாட் வி.எச்.எப். வானொலி, கையில் பிடிக்கும் வானொலி ஒன்று. அழைப்புச் சேனல் 16. கைப்பேசியில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் போலீஸ் 1093. ரேடார் பிரதிபலிப்பானை மறக்காமல் கட்டுங்கள், ஏ.ஐ.எஸ். (கலன்களைத் தானாக அடையாளம் காட்டும் கருவி) திரையில் வராத நூற்றுக்கணக்கான வள்ளங்களுக்கு நடுவேதான் போகப் போகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரே விதி: முதல் இரண்டு நாள் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கஞ்சியும் பயறும், அவித்த மரச்சீனி, ஏத்தன்பழம், இஞ்சி. கடல்மயக்க மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முந்தைய இரவே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரை வயிற்றில் தங்காது.

நான்காம் படி: நாள்வாரித் திட்டம்

செவ்வாய்க்கிழமை படகேறுங்கள். ஏன் செவ்வாய் என்பது குளச்சல் வரும்போது புரியும்.

செவ்வாய் முழுக்கக் கொச்சி உட்கடலில் ஒத்திகை. முளவுகாட்டில், 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி அரண்மனையை ஒட்டி, யாட்டுகள் நிறுத்தும் மரீனா இருக்கிறது. நுழைவு வழியில் சேறு படிந்து ஆழம் குறைவது வழக்கம் என்பதால், உங்கள் படகின் ஆழத்தைச் சொல்லி, எந்த வேலியேற்றத்தில் (கடல்மட்டம் உயரும் நேரம்) வரலாம் என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். பாய் ஏற்றி இறக்குவது, பாதியாகச் சுருக்குவது, நங்கூரம் போட்டு எடுப்பது, ஆள் விழுந்தால் திரும்பி எடுப்பது, எல்லாவற்றையும் இங்கேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.

கொச்சிக் காயலுக்கே உரிய தொல்லை குளவாழை, அதாவது ஆகாயத்தாமரை. தீவு தீவாக மிதந்து வந்து எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைப் போட்டதும் பின்புறம் எட்டிப் பார்த்துப் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்குள் எஞ்சினை அணையுங்கள். அடித்துளை வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து வேரையும் இலையையும் எடுத்து, மூடி, வால்வைத் திறந்த பிறகு போடுங்கள். அதன் பிறகும் தண்ணீர் வராவிட்டால் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் உலர்ந்து ஓடியதில் பிய்ந்திருக்கும். மாற்றும்போது பிய்ந்த துண்டுகளை எண்ணி எடுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் இரண்டு நாள் கழித்துக் குழாயை அடைக்கும்.

புதன், கொச்சியிலிருந்து கொல்லம். 68 கடல் மைல். மரீனாவிலிருந்து கப்பல் வழியில் வெளியேறும் தூரத்தையும் சேர்த்தால் 75. அதாவது 15 மணி நேரம். ஜனவரியில் பகல் வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆக ஏதோ ஒரு முனையில் இருட்டு வந்தே தீரும். அந்த இருட்டைக் கொச்சி முனையில் வைத்துக்கொள்ளுங்கள். கொச்சிக் கப்பல் வழியில் இருபுறமும் விளக்கு மிதவைகள் உண்டு, ஆழமும் உண்டு. அதிகாலை 2 மணிக்குக் கயிறு அவிழ்த்தால் மாலை 5 மணிக்குக் கொல்லம். திரும்பும்போது காலை 6 மணிக்குக் கொல்லத்திலிருந்து எடுத்து இரவில் கொச்சி நுழைவது. இரண்டு முறையும் இருட்டு ஒரே இடத்தில்தான்.

கோட்டை முனையில் சீன வலைகளுக்கு அருகே போகாமல் மிதவைகளுக்குள்ளேயே இருங்கள். கப்பல் வந்தால் ஓரம் ஒதுங்கி வழி விடுங்கள். வெளியே வந்ததும் உடனே தெற்கே திரும்பாதீர்கள். வாயின் இருபுறமும் மணல்மேடு. 10 மீட்டர் ஆழம் கண்ட பிறகு திரும்பி, கரையிலிருந்து 6 முதல் 8 கடல் மைல் தள்ளிப் போங்கள். வழியில் 1862-இல் ஏற்றப்பட்ட ஆலப்புழைக் கலங்கரை விளக்கம். அங்கே ஒதுங்க அணை எதுவும் இல்லை, திறந்த கடல்தான்.

கொல்லத்தில் தங்கசேரி அலைதடுப்புச் சுவருக்குள் நுழைய வேண்டும். 1902-இல் கட்டிய தங்கசேரி விளக்கின் உயரம் 41 மீட்டர், பகலிலும் நல்ல அடையாளம். நீண்டகரை வாய் வழியாக அஷ்டமுடிக்குள் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். பாய்மரத்துக்குப் பாலம் குறுக்கே நிற்கிறது.

வியாழன் ஓய்வு. யாட்டைத் துறையில் விட்டுவிட்டு மன்றோத் துருத்துக்குச் சின்ன வள்ளத்தில் போய் வாருங்கள். கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில், திவானாக இருந்த கர்னல் மன்றோவின் பெயரால் வழங்கும் தீவுக் கூட்டம். கால்வாய்களின் ஆழம் இடுப்பளவு. துடுப்பு வள்ளம்தான் சரி. விடியற்காலையில் போனால் பறவைகள் கிடைக்கும்.

வெள்ளி, கொல்லத்திலிருந்து விழிஞ்ஞம், 39 கடல் மைல், 8 மணி நேரம். காலை 6 மணிக்குப் புறப்பாடு. இரண்டரை மணி நேரத்தில் வர்க்கலை. செம்புரைக்கல், மணற்கல், களிமண் என்று அடுக்கடுக்காகக் கடலோடு நேராக எழும் இந்தச் சுவரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. சுவர் மேற்கு பார்த்து நிற்பதால் காலையில் நிழலில் கருத்துக் கிடக்கும். படம் எடுப்பதைத் திரும்பி வரும் நாளுக்கு வையுங்கள். அன்று மதியம் தாண்டி வரும்போது அடுக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனி நிறம் காட்டும். கரைக்கு ஒரு கடல் மைலுக்குள் போக வேண்டாம்.

அதற்குத் தெற்கே முதலப்பொழி. வரைபடத்தில் அழகான இரண்டு சுவர்களும் ஒரு வாயும் தெரியும். ஒதுங்கிடம் என்று நம்பிவிடாதீர்கள். வாயில் மணல் அடைத்து, அலை உடைந்து, பழகிய மீனவர்களின் படகுகளே திரும்பத் திரும்பக் கவிழ்ந்த இடம். எவ்வளவு அவசரம் என்றாலும் விழிஞ்ஞத்துக்கே போங்கள்.

தும்பாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தக் கடற்பகுதியை மூடுவார்கள். 1963 முதல் இங்கிருந்து ஏவுகிறார்கள். கப்பல்களுக்காக வெளியிடும் எட்டாம் கடல்பகுதி எச்சரிக்கைகளில் அறிவிப்பு வரும், முந்தைய மாலை பார்த்துவிடுங்கள்.

விழிஞ்ஞத்தில் கரையிலிருந்து ஒரு கடல் மைலுக்குள்ளேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். பன்னாட்டுத் துறைமுகம் இங்கே அமைந்ததற்குக் காரணமே அதுதான். 2024 ஜூலையில் முதல் பெரும் சரக்குப்பெட்டகக் கப்பல் வந்தது, 2025 மே 2-இல் திறப்பு விழா. யாட்டுக்காரருக்கு இதன் பொருள்: கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவர், இழுவைப் படகுகள், 400 மீட்டர் நீளக் கப்பல்கள். சேனல் 16-இல் அழைத்து, வருகையைச் சொல்லி, கப்பல் நகர்கிறதா என்று கேட்டுவிட்டு அதன் வடக்கே உள்ள பழைய துறைக்குள் நுழையுங்கள். வெள்ளிக்கிழமை இஸ்லாமிய மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் துறை நிறைந்திருக்கும்; இடத்தை முன்பே பேசிவைக்க வேண்டும்.

சனி ஓய்வு. கோவளம் விரிகுடாவில் பகலில் மட்டும் நங்கூரம் போட்டுக் குளிக்கலாம். மாலைக்குள் துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஞாயிறு, விழிஞ்ஞத்திலிருந்து குளச்சல், 20 கடல் மைல். நீரோடி தொடங்கித் தெற்கே உள்ள கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை. வாரத்தில் இந்த ஒரு பகல்தான் வலை குறைந்த கடல். செவ்வாயில் தொடங்கியது இதற்காகவே. தேங்காப்பட்டினத்தில் துறை இருக்கிறது. ஆனால் ஆற்றுவாயில் அலை உடைந்து விபத்துகள் நடந்த இடம், யாட்டுக்கு வேண்டாம். 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை முறித்த குளச்சலைத் தாண்டி, 5 கடல் மைல் போய் முட்டத்தைப் பார்த்துத் திரும்புங்கள். கருங்கல் முனைகளும் செம்மண் மேடும் அடுத்தடுத்து வரும் இந்தச் சிறிய துண்டுதான், எங்கள் கணிப்பில், மொத்தப் பயணத்திலும் அழகானது. பாறைகள் முனையோடு முடிவதில்லை. நீருக்கடியில் பார்களாகத் தொடர்கின்றன. 3 கடல் மைல் தள்ளியே இருங்கள். உள்ளூர் மீனவர் கோயில் கோபுரத்தையும் மலையையும் வைத்துக் கணியம் பார்த்து ஒவ்வொரு பாரையும் அறிந்தவர். அவரில் ஒருவரைக் கூலி கொடுத்து இந்த இரண்டு நாளும் படகில் ஏற்றிக்கொள்வது மிகச் சிறந்த செலவு.

குளச்சலில் நங்கூரம் போடும் கணக்கு: ஆழம் 6 மீட்டர், நீரிலிருந்து அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டர், வேலியேற்றத்துக்கு 1 மீட்டர், மொத்தம் 8. சங்கிலி என்றால் ஐந்து மடங்கு, 40 மீட்டர். கயிறு என்றால் ஏழு மடங்கு, 56 மீட்டர். நங்கூரத்தின் தலையில் தனிக் கயிறும் மிதவையும் கட்டுங்கள். பாறையில் சிக்கினால் அந்தக் கயிற்றால் எதிர்ப்பக்கம் இழுத்து விடுவிக்கலாம். இரவு அலை கூடும் என்று முன்னறிவிப்பு சொன்னால் தங்காமல் அன்றே விழிஞ்ஞம் திரும்புங்கள்.

திங்கள், குமரிமுனை. 19 கடல் மைல். இருட்டில் கிளம்பினால் சூரிய உதயம் பார்க்கலாமே என்ற ஆசையை விடுங்கள்; பார்களும், ஞாயிறு மாலை விரித்த வலைகளும் இருக்கும். வெளிச்சம் வந்ததும் 6 மணிக்கு எடுத்தால் பத்து மணிக்குள் விவேகானந்தர் பாறையும், 133 அடி வள்ளுவர் சிலையும், இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலமும் எதிரே நிற்கும். ஒரு கடல் மைல் தள்ளி நின்று பார்த்துவிட்டு மேற்கே குளச்சலுக்குத் திரும்புங்கள். முனையைச் சுற்றிக் கிழக்கே போக வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று அங்கே திடீரென்று 25 நாட் வேகத்தைத் தொடும். 

செவ்வாய் விழிஞ்ஞம், புதன் கொல்லம், வெள்ளி கொச்சி. இடையே வியாழன் ஒரு நாள் கையிருப்பு. இதற்கு மேலும் இரண்டு நாள் விடுப்பு எடுத்து வைத்திருந்தால்தான், முன்னே எழுதிய அலை எல்லைகளை மதிக்க மனம் வரும்.

துறைமுக வாயில் நுழையும்போது

எந்த வாயாக இருந்தாலும் நேராக ஓட்டிக்கொண்டு போய் நுழையக் கூடாது. வெளியே 10 மீட்டர் ஆழத்தில் நின்று பத்து நிமிடம் அலைகளை எண்ணுங்கள். பெரிய அலைகள் நான்கைந்தாகக் கூட்டமாக வரும். பின் சற்று நேரம் அமைதி. பின்னாலிருந்து பார்க்கும்போது உடையும் அலை வழுவழுப்பான முதுகாகத் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது. சுவர் ஓரத்தில் தெறிக்கும் நுரையைப் பாருங்கள். உள்ளூர்ப் படகு ஒன்று நுழைந்தால் அது பிடித்த வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் கடைசி அலை கடந்ததும் அதன் முதுகிலேயே போங்கள். பாதியில் மனம் மாறித் திரும்ப முயல்வதுதான் ஆபத்து. படகு அலைக்குக் குறுக்கே வந்துவிடும்.

வலையில் சிக்கினால்

இந்தப் பயணத்தில் நடக்க அதிக வாய்ப்புள்ள சங்கடம் இது. ஒழுக்குவலை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து நகரும் வலை, இரண்டு கிலோமீட்டர்கூட நீளும். ஒரு முனையில் தெர்மோகோல் மிதவையில் கம்பு நட்டுக் கறுப்புக் கொடி. மறு முனை வள்ளத்தில் கட்டியிருக்கும். வள்ளத்தின் எந்த முனையிலிருந்து கயிறு தண்ணீருக்குள் இறங்குகிறதோ அந்தப் பக்கம் வலை. மறுபக்கமாகச் சுற்றிப் போங்கள். இரவில் டார்ச் அடித்துக் காட்டினால் “வராதே” என்கிறார்கள் என்று பொருள். உடனே வேகம் குறைத்து, அவர்கள் கை காட்டும் திசையில் விலகுங்கள்.

எஞ்சின் சத்தம் திடீரென்று கனத்து, படகு யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல நின்றால் உடனே நியூட்ரல். பின்னோக்கி ஓட்டாதீர்கள், ஒரு சுற்று சுற்றிய கயிறு பத்துச் சுற்றாகிவிடும். பாயை இறக்குங்கள். கொக்கிக் கம்பால் கயிற்றைத் தூக்கிப் பார்த்து, தளர்வாக இருந்தால் கையாலேயே எதிர்ச்சுற்றுச் சுற்றி எடுக்கலாம். முடியவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, தண்ணீரில் இறங்குபவரின் கையிலேயே கொடுங்கள். அவர் இடுப்பில் கயிறு, முகத்தில் கண்ணாடி, கையில் பல் வைத்த கத்தி. மேலே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலை ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. படகின் பின்புறம் உயர்ந்து தலையில் அறையும். அப்போது பாயிலேயே கரைக்கு எதிராக விலகி நின்று உதவி கேளுங்கள்.

அறுக்கும் முன் வலைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். விழிஞ்ஞம் முதல் தெற்கே தமிழ் எல்லோருக்கும் புரியும், வடக்கே பொறுமையாகப் பேசினால் போதும். “அண்ணே, வலை சுத்திக்கிட்டுது, எங்க அறுக்கட்டும்?” என்று கேட்டால், எங்கே அறுத்தால் முடிந்து சேர்க்க எளிது என்று அவரே காட்டுவார், பெரும்பாலும் அவரே வந்து எடுத்தும் கொடுப்பார். வலையின் சேதத்துக்கு அங்கேயே பேசிப் பணம் கொடுத்துவிடுங்கள். அதற்கென்று ஒரு தொகையை, பயணச் செலவில் டீசலுக்கு அடுத்த வரியாக, நனையாத உறையில் போட்டுத் தனியே வைத்திருங்கள்.